உடைந்த பெஞ்ச் வைஸைப் பற்றவைக்கலாமா? தீவுப் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பட்டறையில் மற்ற கருவிகள் உடைந்தால் வேலை தாமதமாகும். பெஞ்ச் வைஸ் உடைந்தால் வேலையே நின்றுவிடும். அரம் போடுவது, அறுப்பது, புரி வெட்டுவது, வளைப்பது, தட்டி நேராக்குவது என்று கையால் செய்யும் எந்த வேலைக்கும் துண்டு அசையாமல் நிற்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பில் சேரும் மாணவர் முதல் வாரங்களைக் கழிப்பதே வைஸின் முன்னால்தான். அந்த வைஸின் உடல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது உடையும்போது எழும் கேள்வி பழையது, ஆனால் பதில் இன்றும் பட்டறைக்குப் பட்டறை மாறுகிறது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்யவே முடியாது என்பார் ஒருவர். நிக்கல் ராடு இருந்தால் போதும் என்பார் அடுத்தவர். பித்தளை வைத்தால் காலத்துக்கும் நிற்கும் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எந்த நிலைமையில் எது உண்மை என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இந்தக் கேள்வியை டெலானிபூரிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர் நகரத்தின் ஒரு பகுதி அது. ஃபீனிக்ஸ் பே கப்பல் பழுதுபார்க்கும் தளம், ஹேடோ துறைமுகம், 1883இல் தொடங்கிய சாத்தாம் மர அறுவை ஆலை ஆகிய மூன்றும் இருப்பது இதே நகரத்தில்தான். இங்கே வந்து சேரும் ஒவ்வொரு இரும்புத் துண்டும் சென்னையிலிருந்து சுமார் 1,190 கிலோமீட்டரோ கொல்கத்தாவிலிருந்து சுமார் 1,255 கிலோமீட்டரோ கடல் தாண்டி வந்தது. கோயம்புத்தூரில் வைஸ் உடைந்தால் மாலைக்குள் வேறொன்று வாங்கிவிடலாம். தீவில் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும், கடல் கொந்தளித்தால் அந்தக் காத்திருப்பும் நீளும். ஆகவே இங்கே பழுதுநீக்கம் என்பது பட்டறை தொடர்ந்து நடப்பதற்கான வழி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடைந்த வைஸைப் பற்றவைக்க முடியும். ஆனால் அது நிற்குமா நிற்காதா என்பதை ராடின் விலை தீர்மானிப்பதில்லை. உடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும், சூடு ஏறி இறங்குவதை வெல்டர் எவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

வைஸ் ஏன் உடைகிறது?

வைஸின் கைப்பிடியைத் திருகும்போது எவ்வளவு விசை பிறக்கிறது என்பதைப் பலரும் குறைத்தே எடைபோடுகிறார்கள். 25 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் ஒருவர் 20 கிலோ அளவு பலம் கொடுக்கிறார், திருகின் புரி ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லையென்றால் தாடைகளுக்கு இடையே ஆறு டன்னுக்கு மேல் விசை வரும். உராய்வு அதில் பெரும்பங்கை விழுங்கிய பிறகும் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு டன். கைப்பிடியில் 75 செ.மீ. பைப்பைச் செருகி இழுத்தால் அது மூன்று மடங்காகும். பட்டறைகளில் வைஸ் உடைவதற்கு இந்தப் பைப்பும், தாடையின் மேலேயே வைத்து அடிக்கும் சம்மட்டியும்தான் முதன்மையான காரணங்கள்.

விசை செல்லும் பாதையைப் பார்த்தால் உடையும் இடம் தெரிந்துவிடும். பிடிபட்ட துண்டு இரண்டு தாடைகளையும் மேலே விலக்கித் தள்ளுகிறது. திருகும் நட்டும் கீழே அவற்றை நெருக்கி இழுக்கின்றன. இதனால் ஒவ்வொரு தாடையும் தன் அடிப்பகுதியில் வெளிப்பக்கமாக வளைய முயல்கிறது, அந்த வளைவில் உட்புற மூலையே இழுபடுகிறது. சாம்பல்நிற வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு இழுப்பைத்தான் தாங்கும். அதனால் விரிசல் எப்போதும் இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும். தாடையின் அடி, நகரும் தாடையின் நீண்ட சறுக்குப் பகுதியின் மேற்புறம், நட் உட்காரும் அறை, அடித்தட்டில் போல்ட் துளைகளைச் சுற்றிய காதுகள் ஆகியவை வழக்கமாக உடையும் இடங்கள். இவற்றில் முதல் மூன்றும் வைஸை இறுக்கும் ஒவ்வொரு முறையும் முழுச் சுமையைத் தாங்குபவை. காதுகளுக்கு வரும் சுமை அவற்றைவிடக் குறைவு. இந்த வேறுபாடு பின்னால் முறையைத் தேர்வு செய்யும்போது உதவும்.

வார்ப்பிரும்பின் குணம்

இந்திய தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ். 210 சாம்பல்நிற வார்ப்பிரும்பை எஃப்.ஜி. 150 முதல் எஃப்.ஜி. 400 வரை தரம் பிரிக்கிறது. அந்த எண், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. வலிமை மட்டும் பார்த்தால் மோசமில்லை. சிக்கல் நெகிழ்ச்சியில் இருக்கிறது. மைல்டு ஸ்டீல் உடைவதற்கு முன் 20 சதவீதத்துக்கு மேல் நீளும். சாம்பல்நிற வார்ப்பிரும்பு ஒரு சதவீதம்கூட நீளாது.

இதற்குக் காரணம் கார்பன். இந்த உலோகத்தில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பனும் 1 முதல் 3 சதவீதம் வரை சிலிக்கானும் உண்டு. கார்பனின் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உலோகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அஞ்சல்தலைத் தாள் துளைவரிசை வழியே கிழிவதுபோல, விரிசல் செதிலிலிருந்து செதிலுக்குத் தாவி ஓடுகிறது. அதே செதில்கள்தாம் அதிர்வை அடக்குகின்றன, உலோகத்தைக் கடைவதற்கு இலகுவாக்குகின்றன, சறுக்குப் பரப்புக்கு ஓரளவு தானே மசகும் தருகின்றன. வைஸுக்கு வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்தது தவறான தேர்வில்லை. வார்ப்பதற்கு எளிது, விலை குறைவு, அமுக்கத்தில் உறுதி. பழுதுபார்ப்பவருக்குத்தான் அது கடினம்.

வெல்டிங் செய்யும்போது மூன்று ஆபத்துகள் ஒன்றாக வருகின்றன. முதலாவது கடினமாதல். மின்வில்லின் அருகே உருகிய வார்ப்பிரும்பை, அதைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த உடல் நொடிகளில் குளிர்வித்துவிடுகிறது. கிராஃபைட்டாகப் பிரிய கார்பனுக்கு நேரம் கிடைப்பதில்லை. அது இரும்புடன் சேர்ந்து சிமெண்டைட் ஆகி, வெள்ளை வார்ப்பிரும்பு என்ற கண்ணாடிபோல் நொறுங்கும் படலத்தை உண்டாக்குகிறது. அதற்கு அடுத்து, உருகாமல் சுமார் 720 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பகுதி, வேகமாகக் குளிர்ந்தால் மார்ட்டென்சைட் ஆகிறது. வெல்டிங் ஓரத்தில் டிரில் பிட் வழுக்கிப் போவதும் அரம் கடிக்காமல் சறுக்குவதும் இதனால்தான்.

இரண்டாவது சுருக்கம். 100 மி.மீ. நீள வார்ப்பிரும்புத் துண்டை 600 டிகிரி சூடேற்றினால் அது சுமார் 0.7 மி.மீ. நீளும், குளிரும்போது அதே அளவு சுருங்கும். சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி அந்தச் சுருக்கத்தைத் தடுத்தால், ஒரு சதவீதம்கூட நீளத் தெரியாத உலோகத்துக்கு மிஞ்சும் வழி ஒன்றுதான்: விரிசல் விடுவது. வெல்டிங் முடிந்து சில நிமிடங்களில் ‘டிக்’ என்று சத்தம் கேட்டு, போட்ட வெல்டிங்கின் ஓரமாகவே புது விரிசல் ஓடுவது இந்தக் கணக்கின் விளைவு.

மூன்றாவது எண்ணெய். பல ஆண்டுகள் பட்டறையில் இருந்த வைஸின் கிராஃபைட் செதில்களுக்குள் எண்ணெயும் கிரீஸும் ஊறியிருக்கும். மேலே துடைத்தால் போகாது. சூடு பட்டதும் அது ஆவியாகி வெல்டிங்குக்குள் குமிழ்த் துளைகளாகிறது.

வரலாறு சொல்லும் சான்று

இத்தனை இடர் இருந்தும் வார்ப்பிரும்பைப் பற்றவைக்க முடியும் என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே கடல் நிரூபித்துவிட்டது. ஆக்ஸி-அசிட்டிலின் டார்ச்சை ஃபூஷே, பிக்கார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1903இல் உருவாக்கினார்கள். 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த ஜெர்மன் கப்பல்களின் மாலுமிகள் நீராவி இஞ்சின்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களைத் திட்டமிட்டு உடைத்துப் போட்டிருந்தார்கள். புதிய சிலிண்டர்களை வார்த்துப் பொருத்த நீண்ட காலம் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கப் பொறியாளர்கள் மின்வில் வெல்டிங்காலும் திருகுகள் பதித்த ஒட்டுத் தகடுகளாலும் அவற்றைச் சில மாதங்களில் சரிசெய்தார்கள். அதே கப்பல்கள் பின்னர் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தன. 1919இல் அமெரிக்க வெல்டிங் சங்கம் தொடங்கப்பட்டதற்கு அந்தப் போர்க்கால அனுபவமும் பின்னணி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று இன்றைய நிக்கல் ராடுகள் கிடையாது. விரிசல் ஓரத்தில் எஃகுத் திருகுகளைப் பதித்து, அவற்றைப் பிடிமானமாக்கி வெல்டிங் போட்டார்கள். வார்ப்பிரும்பின் குணத்தை எதிர்த்துப் போராடாமல், சுமையை வேறு வழியாகக் கொண்டு சென்றார்கள். அந்த உத்தி இன்றும் செல்லும்.

முதலில் உலோகத்தை அறிதல்

எல்லா வைஸும் சாம்பல்நிற வார்ப்பிரும்பு இல்லை. சில உயர்ரக வைஸ்கள் எஸ்.ஜி. அயர்ன் எனப்படும் உருண்டை கிராஃபைட் வார்ப்பிரும்பால் ஆனவை. 1940களில் கண்டறியப்பட்ட அந்த உலோகம் உடைவதற்கு முன் நன்றாகவே வளையும். வார்ப்பு எஃகாலும் அடித்து உருவாக்கிய எஃகாலும் செய்த வைஸ்களும் உண்டு. அவற்றை லேசாக முன்சூடேற்றி லோ-ஹைட்ரஜன் ராடால் சாதாரணமாகவே பற்றவைக்கலாம். ஆகவே எந்த வேலைக்கும் முன்னால் உலோகத்தைச் சோதிக்க வேண்டும்.

சோதனைகள் எளியவை. மறைவான இடத்தில் சிறு துளை போட்டால் சாம்பல்நிற வார்ப்பிரும்பு கரும்பொடியாக உதிரும், எஃகு சுருளாக வரும். உடைந்த முகம் கருஞ்சாம்பல் நிறத்தில் மணல்போல் இருந்து, விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டினால் அது கிராஃபைட். கிரைண்டரில் பிடித்தால் எஃகு நீண்ட வெண்மஞ்சள் பொறிகளைச் சிந்தும், வார்ப்பிரும்பின் பொறிகள் குட்டையாகவும் சிவந்தும் இருக்கும். தொங்கவிட்டுத் தட்டினால் எஃகு மணிபோல் ஒலிக்கும், சாம்பல்நிற வார்ப்பிரும்பு மந்தமாக ஒலித்து அடங்கும். ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வில் மூட்டுவதற்கு முன்

வைஸ் பழுதுநீக்கத்தில் பாதி வேலை வில் மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. திருகு, நட், தாடைகளில் திருகிப் பொருத்திய கடின எஃகுத் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பெயின்டையும் துருவையும் நீக்க வேண்டும். பிறகு உடைந்த பகுதியை டார்ச்சால் 300 முதல் 400 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றினால் ஊறியிருந்த எண்ணெய் வியர்த்து வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடியும் சூடேற்ற வேண்டும். புகை நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம்.

விரிசல் முழுவதும் உடைந்து பிரியாமல் பாதியில் நின்றிருந்தால், அதன் முனையைக் கண்டுபிடித்து அங்கே 3 முதல் 5 மி.மீ. துளை போட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் விரிசல் இன்னும் ஓடும். முனையைக் காண மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் போதும். விரிசலில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசினால் உள்ளே புகுந்த எண்ணெய் ஊறி விரிசலைக் கோடாகக் காட்டும். பார்த்த பிறகு அதையும் எரித்து நீக்கிவிட வேண்டும்.

அடுத்தது பள்ளம் வெட்டுவது. இரு பக்க முகங்களையும் சரித்து, 60 முதல் 90 டிகிரி கோணத்தில் ‘வி’ பள்ளம் எடுக்க வேண்டும். உடைந்த முகம் முழுவதையும் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் 2 அல்லது 3 மி.மீ. அகலத்துக்கு உடைந்த முகத்தை அப்படியே விட்டால், இரண்டு துண்டுகளும் உடைந்த இடத்திலேயே ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். தாடைகள் இணையாக நிற்க அதுவே வழிகாட்டி. தடித்த பகுதியில் இரு பக்கமும் பள்ளம் எடுத்து மாறிமாறிப் போட்டால் ஒரு பக்கச் சுருக்கம் மறுபக்கத்தைச் சரிக்கும். தடித்த எஃகுத் தகட்டில் வைத்துக் கிளாம்ப் போட்டு, சறுக்குப் பரப்பைத் தீப்பொறி படாமல் மூடிய பிறகே வெல்டிங் தொடங்க வேண்டும்.

நான்கு வழிகளும் அவற்றின் எல்லைகளும்

முதலாவது வழி, கையில் இருக்கும் சாதாரண மைல்டு ஸ்டீல் ராடு. தெருப்பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான், அதிகம் தோற்பதும் இதுதான். உருகிய வார்ப்பிரும்பின் கார்பன் கலந்து, வெல்டிங் உலோகமே உயர்கார்பன் எஃகாகிக் கடினப்படுகிறது. எஃகின் சுருக்கமும் அதிகம். பார்க்க அழகாக இருக்கும் அந்த வெல்டிங், முதல் பலமான இறுக்கத்தில் ஓரத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். மேற்பரப்பில் சிறு குழி அடைப்பதற்கு மேல் இதற்கு இடமில்லை.

இரண்டாவது வழி, நிக்கல் ராடால் குளிர்முறை. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ5.15 தரத்தில் இருவகை ராடுகள் முக்கியமானவை. ஒன்றில் நிக்கல் 85 சதவீதத்துக்குக் குறையாது. மற்றொன்றில் ஏறத்தாழ பாதி நிக்கல், மீதி இரும்பு. நிக்கல் எளிதில் கார்பைடு ஆவதில்லை. அது ஏற்காத கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து, அந்தப் பிரிதலில் பருமன் கொஞ்சம் பெருகி, சுருக்கத்தின் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. மிருதுவான அந்த உலோகம் சுருக்கத்தைத் தானே நீண்டு வாங்கிக்கொள்ளவும் செய்யும். முதல் வகை அரத்துக்கும் டிரில்லுக்கும் இசைந்தது. இரண்டாவது வகை வலிமை கூடியது, தடித்த பகுதிகளுக்கும் எஸ்.ஜி. அயர்னுக்கும் ஏற்றது.

ஆனால் நிக்கல் ராடு ஓரத்தில் உண்டாகும் வெள்ளை வார்ப்பிரும்புப் படலத்தை முழுக்கத் தடுக்காது, மெல்லியதாக்கும். அதனால் செய்முறை இங்கே உயிர். குறைந்த மின்னோட்டம், 2.5 அல்லது 3.15 மி.மீ. ராடு, ஒருமுறைக்கு 20 முதல் 30 மி.மீ. நீளம் மட்டும். போட்டவுடன், வெல்டிங் சிவந்திருக்கும்போதே, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். சுருங்கப் பார்க்கும் உலோகத்தை அந்தத் தட்டல் விரிக்கிறது. பிறகு அந்த இடத்தில் கை வைக்க முடியும்வரை காத்திருந்து, அடுத்த துண்டை வேறு இடத்தில் போட வேண்டும். ஒரே மூச்சில் முடித்துவிடத் துடிப்பவருக்கு இந்த முறை ஆகாது.

மூன்றாவது வழி, வைஸ் முழுவதையும் சூடேற்றிச் செய்யும் சூட்டுமுறை. செங்கல் அடுக்கிக் கரியடுப்பு கட்டி, துண்டு முழுவதையும் 500 முதல் 650 டிகிரி வரை மெல்ல ஏற்றி, வார்ப்பிரும்பு ராடாலேயே கேஸ் வெல்டிங் போடுவது. இருட்டில் மங்கிய சிவப்பு தெரியத் தொடங்கும் நிலைதான் அந்தச் சூடு. உடல் முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதால் சுருக்கம் எங்கும் ஒன்றாக நடக்கும், குளிர்ச்சி மெதுவாக இருப்பதால் கார்பன் கிராஃபைட்டாகவே பிரியும். நிறமும் கடினமும் தாய் உலோகத்தோடு ஒத்துப்போகும். முடித்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து மறுநாள்தான் எடுக்க வேண்டும். தரத்தில் இதை மிஞ்சிய வழி இல்லை. ஆனால் கடைந்த சறுக்குப் பரப்புகள் கோணக்கூடும், அடுப்பும் எரிபொருளும் அனுபவமும் வேண்டும்.

நான்காவது வழி, பித்தளை வைத்து ஒட்டும் பிரேசிங். இதில் வார்ப்பிரும்பு உருகுவதே இல்லை. ஏறத்தாழ 900 டிகிரியில் உருகும் பித்தளை ராடு, வெண்காரம் கலந்த ஃபிளக்ஸின் உதவியால் இரும்பின்மேல் பரவி ஒட்டுகிறது. தாய் உலோகம் உருகாததால் வெள்ளை வார்ப்பிரும்புப் படலம் பிறப்பதில்லை. பித்தளை நெகிழும் என்பதால் சுருக்கமும் பெரிய தொல்லை தருவதில்லை. பள்ளம் அகலமாகவும் ஒட்டும் பரப்பு பெரிதாகவும் இருந்தால், மூட்டு சாதாரண தர வார்ப்பிரும்பின் இழுவிசைக்குக் குறையாமல் நிற்கும். ஒரு நுட்பம் மட்டும் தவறக்கூடாது: கிரைண்டர் கிராஃபைட்டை முகம் முழுவதும் தேய்த்துப் பூசிவிடும், பித்தளை அதில் ஒட்டாது. கடைசித் தேய்ப்பை அரத்தால் செய்து, ஆக்ஸிஜன் சற்று மிகுந்த சுடரால் முகத்தை ஒருமுறை சுட்டு, கம்பி பிரஷ்ஷால் துலக்கிய பிறகு ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும்.

பிரேசிங்குக்குப் பின்வாங்கும் வழி கிடையாது. ஒருமுறை பித்தளை பட்ட இடத்தில் பின்னால் மின்வில் வெல்டிங் சரியாக நிற்காது, பித்தளை கலந்து மூட்டு கெட்டுவிடும். ஆகவே எந்த வழி என்பதை முதல் சூடு ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். உடல்நலத்துக்கும் இங்கே சொல்ல வேண்டியது உண்டு. பித்தளையிலிருந்து எழும் துத்தநாகப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். நிக்கல் புகை நுரையீரலுக்குக் கேடு. இரண்டுக்கும் காற்றோட்டமான இடமும் தக்க முகக்கவசமும் கட்டாயம்.

இவற்றோடு, சூடே இல்லாத முறைகளும் துணைக்கு வரும். விரிசலுக்குக் குறுக்கே எஃகுத் தகடு வைத்துப் போல்ட் போடலாம். இழுபடும் பக்கத்தில் கம்பியைச் செலுத்தி நட் வைத்து இறுக்கி, வார்ப்பிரும்பை முன்கூட்டியே அமுக்கத்தில் வைக்கலாம். 1930களில் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் உருவான மெட்டலாக் முறை, விரிசலுக்குக் குறுக்கே உலோகச் சாவிகளைப் பதித்துத் தைக்கிறது. பெரிய இஞ்சின் பிளாக்குகளுக்கு இன்றும் அதுவே முதல் தேர்வாகிறது.

உடைந்த இடத்துக்கு ஏற்ற வழி

இப்போது வழிகளையும் உடைந்த இடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அடித்தட்டின் காது உடைந்திருந்தால் பிரேசிங் போதும். சுமை குறைவு, பரப்பு தட்டையானது, வேலை எளிது. நிக்கல் ராடும் ஆகும்.

நிலைத்தாடையின் அடியில் உடைந்திருந்தால் அது முழுச் சுமை தாங்கும் இடம். இங்கே வெல்டிங் முழு ஆழத்துக்கும் ஊடுருவ வேண்டும். வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மி.மீ. தடிமனில் 2 மி.மீ. மட்டும் நிரம்பாமல் போனாலும் திறனில் ஏறக்குறைய 19 சதவீதம் போய்விடும். வெல்டிங்கை அழகுக்காகத் தேய்க்கும்போது தாய் உலோகத்தின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டாலும் இதே இழப்பு வரும். இங்கே என் பரிந்துரை இரும்பு கலந்த நிக்கல் ராடு அல்லது சூட்டுமுறை, கூடவே தாடையின் பின்புறம் எஃகுத் தகடும் போல்ட்டும்.

நகரும் தாடையின் சறுக்குப் பகுதி உடைந்திருந்தால் வலிமையோடு நேர்த்தியும் வேண்டும். அரை மில்லிமீட்டர் கோணினாலும் அது உடலுக்குள் சிக்கிக்கொள்ளும். சூட்டுமுறைக்கு இங்கே துணியக்கூடாது. நிக்கல் ராடால் சிறுசிறு துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் உடலுக்குள் செலுத்திப் பார்த்து, கடைசியில் அரத்தால் பொருத்த வேண்டும்.

நட் அறை உடைந்திருந்தால், உள்ளே இடம் குறுகியது, டார்ச்சும் ராடும் புகாது. சுற்றிலும் கவ்வும் எஃகு வளையமோ, துளையிட்டுப் பொருத்திய தனி நட் தாங்கியோதான் நேர்மையான வழி. இரண்டுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்த வைஸ், உடைந்த துண்டு தொலைந்துபோன வைஸ், ஏற்கெனவே மைல்டு ஸ்டீல் ராடால் பலமுறை போட்டுக் கெடுத்த வைஸ் ஆகியவற்றைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிடலாம். அவற்றின் திருகும் தாடைத் தகடும் நட்டும் இன்னொரு வைஸுக்கு உதவும்.

தீவின் காற்றும் ஈரமும்

பெருநிலத்தில் எழுதப்படும் வெல்டிங் கையேடுகள் அந்தமானின் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, வருடத்தின் பெரும்பகுதி ஈரக்காற்று, எந்நேரமும் உப்பு. பிரித்து வைத்த ராடுப் பெட்டி சில நாட்களில் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈர ராடிலிருந்து வரும் ஹைட்ரஜன், ஏற்கெனவே கடினப்பட்டிருக்கும் ஓரத்தில் விரிசலைத் தூண்டும். விலையுயர்ந்த நிக்கல் ராடுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, பெட்டியில் சொன்ன சூட்டில் உலர்த்திப் பயன்படுத்துவது இங்கே கட்டாயம். வைஸையும் வேலைக்கு முன் முழுக்க உலர்த்த வேண்டும். சாம்பலும் மணலும் ஈரமாக இருந்தால் அவையே குளிர்ச்சியை விரைவுபடுத்திக் கெடுத்துவிடும், அவற்றை வறுத்த பிறகே புதைக்கப் பயன்படுத்த வேண்டும்.

உப்புக்காற்று பிரேசிங்குக்கும் ஒரு நிபந்தனை வைக்கிறது. பித்தளையும் இரும்பும் ஒட்டிய இடத்தில் உப்பீரம் படிந்தால், இரண்டில் இரும்புதான் அரிக்கும். மூட்டின் ஓரத்தைச் சுற்றிப் பள்ளம் விழும். ஆகவே பித்தளை வைத்த மூட்டை எப்போதும் பெயின்ட் பூசியே வைக்க வேண்டும்.

எரிவாயுவும் கப்பலில்தான் வருகிறது. அசிட்டிலின் சுடர் 3,100 டிகிரியை நெருங்கும் என்பதால் வார்ப்பிரும்பை உருக்கும் கேஸ் வெல்டிங்குக்கு அதுவே ஏற்றது. பித்தளை வைக்க ஆக்ஸிஜனோடு சமையல் எரிவாயுவின் வகையைச் சேர்ந்த எல்.பி.ஜி. போதும், கிடைப்பதும் எளிது. இந்த ஒரு காரணத்தாலேயே, பிரேசிங் போதுமான இடங்களில் தீவுப் பட்டறைகள் அதை முதல் தேர்வாக வைப்பது அறிவுடைமை என்று கருதுகிறேன்.

வேலை முடிந்த பிறகு

வெல்டிங் குளிர்ந்ததும் வைஸைப் பயன்பாட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. மீண்டும் மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனை. மறுநாள் இன்னொருமுறை, ஏனென்றால் சில விரிசல்கள் நேரம் கழித்தே திறக்கும். பிறகு மரக்கட்டையை வைத்துக் கைபலத்தில் இறுக்க வேண்டும். அடுத்து மென்மையான உலோகத் துண்டு, அதற்கும் அடுத்து எஃகு. ஒவ்வொரு நிலையிலும் மூட்டின் ஓரத்தைப் பார்த்து, சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். தாங்கிய வைஸுக்கு அதற்குமேல் ஒரே விதி: கைப்பிடியில் பைப் செருகக்கூடாது, தாடையில் அடிக்கக்கூடாது. அடிக்கும் வேலைகளுக்குப் பட்டறைக்கல் இருக்கிறது. பற்றவைத்த வைஸில் பிரஸ் வேலை, பேரிங் ஏற்றுவது, கனமான வளைப்பு ஆகியவற்றைச் செய்யவே கூடாது. தாடை உடைந்து தெறித்தால் அருகில் நிற்பவரின் கண்ணையும் கையையும் அது விட்டுவைக்காது.

முடிவுரை

வார்ப்பிரும்பு வெல்டிங் முடியாத காரியம் என்ற பழைய நம்பிக்கைக்கு முழு ஆதாரம் இல்லை. நிக்கல் ராடு எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற புதிய நம்பிக்கைக்கும் இல்லை. உலோகத்தை அறிந்து, எண்ணெயை எரித்து, விரிசலின் முனையில் துளையிட்டு, உடைந்த இடத்தின் சுமைக்கு ஏற்ற வழியைத் தேர்ந்து, சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினால், வைஸ் மறுபடியும் பல்லாண்டு உழைக்கும். இந்த வரிசையில் எந்தப் படியைத் தாண்டினாலும் மிகச் சிறந்த ராடுகூடக் காப்பாற்றாது.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்கு அந்நியமில்லை. கோயம்புத்தூரின் வார்ப்பாலைகள் பம்புகளையும் மோட்டார்களையும் வார்த்தே அந்நகரை வளர்த்தன. திருச்சியில் பி.எச்.இ.எல். வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அங்கே திரண்ட அறிவு ஸ்ரீ விஜயபுரத்து டோலிகஞ்ச் ஐ.டி.ஐ.யின் வெல்டர் மாணவர் கைக்குத் தமிழிலும் இந்தியிலும் வந்து சேர வேண்டும். மைல்டு ஸ்டீலை நேர்கோட்டில் பற்றவைக்கக் கற்பதோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது. பழைய இரும்பாகக் கிடக்கும் வார்ப்பிரும்புத் துண்டுகளை உடைத்து, பித்தளை வைத்தும் நிக்கல் வைத்தும் மாணவர்களே பற்றவைத்து, மறுபடி உடைத்து, எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். மூட்டில் உடையாமல் தாய் உலோகத்தில் உடையும் நாளில் அந்த மாணவர் தேறிவிட்டார் என்று சான்றிதழ் கொடுக்கலாம். கப்பலை நம்பி வாழும் தீவுகளுக்கு இந்தத் திறமை, சேமித்து வைத்த எந்த உதிரிப்பாகத்தையும்விடப் பயனுள்ளது.